வாயில் கரையும் மாத்திரையை லேபில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

அல்சூர்வாசி

மருந்துத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். அம்மாவுக்கு வாந்தி நிற்கவில்லை என்று பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், ஆன்டான்செட்ரான் 4 மி.கி. எம்.டி. (மவுத் டிஸால்விங், அதாவது வாயில் கரையும்) மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாக்கில் வைத்தாலே போதும், நொடியில் கரைந்துவிடும், தண்ணீர்கூட வேண்டாம் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அம்மாவுக்கு அது கரையவே இல்லை. மாவாக நாக்கில் அப்பிக்கொண்டு நின்றது, அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கடைசியில் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளினார். இதே கம்பெனி மாத்திரையை முன்பு நான் போட்டிருக்கிறேன், எனக்கு வைத்த வேகத்தில் கரைந்தது.

போலி மாத்திரையா, பழைய சரக்கா, இல்லை ‘நொடியில் கரையும்’ என்பதே சும்மா விளம்பரமா? லேபில் இதை எப்படித்தான் பார்க்கிறார்கள்? ஆளை உட்காரவைத்து வாயில் போட்டா, மெஷினிலா?

வைட்ஃபீல்டு_ஷிஃப்ட்

ஆளை உட்காரவைத்துத்தான் என்றால் என் ரெஸ்யூமேயை அனுப்புகிறேன், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் தினமும் சாவதற்கு நாக்கில் மாத்திரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

பீன்யா_அனலிஸ்ட்

மெஷின்தான். பீன்யாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு லேபில் வேலை செய்கிறேன், இது எங்களுக்கு அன்றாட டெஸ்ட், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை உடைந்து தூளாவது ஒன்று. அந்தத் தூளில் இருக்கும் மருந்து நீரில் கரைவது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனி மெஷின், தனித்தனி டெஸ்ட். ‘நொடி’ என்று சொல்வதெல்லாம் முதலாவதைப் பற்றி மட்டும்தான்.

உடைவதைப் பார்க்கும் மெஷினில் ஒரு ரேக் இருக்கும். அதில் மேலும் கீழும் திறந்த ஆறு கண்ணாடிக் குழாய்கள், அடியில் கம்பி வலை, வலையின் ஓட்டை சுமார் 2 மில்லிமீட்டர். குழாய்க்கு ஒரு மாத்திரை போட்டு, 37 டிகிரி சூட்டில் தண்ணீர் இருக்கும் லிட்டர் பீக்கருக்குள் ரேக்கை இறக்கினால் அது நிமிடத்துக்கு 29 முதல் 32 தடவை மேலும் கீழுமாகப் போய்வரும், ஒவ்வொரு தடவையும் ஐந்தரை சென்டிமீட்டர் தூரம். நாங்கள் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்போம். வலையின் மேல் எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினாலும், தொட்டால் உள்ளே கெட்டியாக எதுவும் தட்டுப்படாத மெத்தென்ற பிசிறாக இருந்தால் பரவாயில்லை. ஆறும் உடைந்தால் பாஸ். ஒன்றோ இரண்டோ உடையாமல் நின்றால் இன்னும் பன்னிரண்டு போட்டுப் பார்க்க வேண்டும், மொத்தம் 18இல் குறைந்தது 16 உடைந்தாக வேண்டும்.

எவ்வளவு நேரத்துக்குள் என்பதில்தான் ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த வகை மாத்திரை ஏறக்குறைய 30 வினாடிக்குள் உடைய வேண்டும், எடையும் 500 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றார்கள். ஐரோப்பிய பார்மகோபியாவில், அதாவது மருந்துத் தர விதிநூலில், 3 நிமிடம் வரை விடுகிறார்கள். ஆக, ஐரோப்பாவில் பாஸ் ஆகும் மாத்திரை அமெரிக்காவில் ஃபெயில் ஆகலாம், மாத்திரை மேல் தப்பு இல்லை.

போலியா என்பதை ஒருவர் வாயில் நடந்ததை வைத்துச் சொல்ல முடியாது. பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, பில் மூன்றும் இருந்தால் முக்கால்வாசி சந்தேகம் போய்விடும்.

வைட்ஃபீல்டு_ஷிஃப்ட்

ஒரு லிட்டர் பீக்கர் சுடுதண்ணீரில் நிமிடத்துக்கு 30 தடவை முக்கி எடுத்தால் எங்கள் ஆபீஸ் கேன்டீன் மெதுவடைகூட உடைந்துவிடும். வாயில் அவ்வளவு தண்ணீர் எங்கே இருக்கிறது? இது என்ன டெஸ்ட் சார்?

பீன்யா_அனலிஸ்ட்

இல்லைதான். வாயில் எந்த நேரமும் இருக்கும் எச்சில் சுமார் 1 மி.லி., சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 0.3, 0.4 மி.லி. ஊறும், எலுமிச்சையை நினைத்தாலோ எதையாவது மென்றாலோ அது பல மடங்காகும். பீக்கரில் 900 மி.லி. பக்கம் ஊற்றுகிறோம். ஆயிரம் மடங்கு வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த டெஸ்ட் வாயைப் போலவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? தை மாதம் போட்ட பேட்ச்சும் ஆடி மாதம் போட்ட பேட்ச்சும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று பார்க்கத்தான் இது. ஹைதராபாத்தில் செய்தாலும் ஹிமாச்சலத்தில் இருக்கும் பத்தி (Baddi) ஊரில் செய்தாலும் ஒரே விடை வர வேண்டும். எந்திரம், சூடு, வேகம் எல்லாவற்றையும் கட்டிப்போட்டால்தான் அது வரும். அவரவர் வாயில் போட்டு எழுதினால் ஆளுக்கொரு விடை வரும், எந்த பேட்ச்சையும் ரிலீஸ் பண்ண முடியாது.

பொம்மசந்திரா_ஃபார்முலேஷன்

பீன்யா அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி, அந்தக் கடைசிக் கால்வாசியில் எனக்குச் சண்டை இருக்கிறது. பேட்ச் ஒப்பிடுவதற்கு மட்டும்தான் என்றால் அந்த எண்ணை எடுத்து விற்பனைப் பிரதிநிதி கையில் கொடுத்து டாக்டரிடம் ‘15 செகண்டில் கரையும் சார்’ என்று சொல்ல வைப்பது ஏன்? பீக்கரில் கிடைத்த 15 வினாடி அது. கேட்பவர் வாயைத்தான் நினைத்துக்கொள்வார்.

நான் மாத்திரை உருவாக்கும் பக்கம், அதாவது ஆர் அண்ட் டி. இந்த மெஷின் எங்களை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று சொல்கிறேன். நிமிடத்துக்கு 30 தடவை என்றால் 30 வினாடியில் ரேக் ஏறக்குறைய 15 தடவைதான் போய்வருகிறது. நல்ல மாத்திரை ஐந்தாறு முக்குக்குள் உடைந்துவிடும். குளிர்வித்து உலர்த்திச் செய்யும் ஜைடிஸ் மாதிரி வகை சில வினாடியில் காணாமலே போய்விடும், ஸ்டாப்வாட்சை அழுத்துவதற்குள் கதை முடிந்திருக்கும். அப்போது 8 வினாடி மாத்திரைக்கும் 14 வினாடி மாத்திரைக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை அனலிஸ்டின் கை வேகமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அப்புறம் அந்த வலை. 2 மி.மீ. ஓட்டை வழியாக விழுந்துவிட்டால் உடைந்ததாகக் கணக்கு. நாக்கு அப்படி விடாது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுத் துகள் இருந்தாலே மணல் மென்ற மாதிரி நறநறக்கும், வாய் கொப்பளிக்கத் தோன்றும். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் டி.டி. மாத்திரைக்குக்கூட ஐரோப்பாவில் கூடுதலாக ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள், இரண்டு மாத்திரையை 100 மி.லி. தண்ணீரில் கலக்கி 710 மைக்ரான், அதாவது 0.71 மி.மீ., சல்லடையில் ஊற்ற வேண்டும், எதுவும் நிற்காமல் இறங்க வேண்டும். நாக்கிலேயே வைக்கும் மாத்திரைக்கு அப்படி ஒன்று இல்லை. தலைகீழாக இருக்கிறது!

ஜப்பான்காரர்கள் இதற்காகவே தனி மெஷின் செய்திருக்கிறார்கள். ட்ரைகார்ப்டெஸ்டர் என்று ஒன்று, மாத்திரையை வலைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு மேலேயிருந்து செயற்கை எச்சிலைச் சொட்டு சொட்டாக விடும். எங்களிடம் டெக்ஸ்சர் அனலைசர் இருக்கிறது, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில் மாத்திரையை வைத்து மேலே ஒரு சின்ன உருளையால் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் எப்போது அமுங்கத் தொடங்கியது, எப்போது முழுக்க அமுங்கியது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். நாக்கு மேலண்ணத்தில் வைத்து அழுத்துவதுதானே நிஜத்தில் நடக்கிறது. ஆனால் ரிலீஸ் ஆவணத்தில் போவது பழைய ரேக் எண் மட்டும்தான், மற்றதெல்லாம் எங்கள் நோட்டுப் புத்தகத்தோடு சரி.

ஜெயநகர்_மருந்துக்கடை

கடையில் நிற்பவன் கண்ணில் படுவதையும் சொல்லிவிடுகிறேன். ஜனங்களுக்கு எம்.டி., டி.டி., எஸ்.எல். மூன்றும் ஒன்றுதான். டி.டி. என்றால் ஸ்பூனில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுப்பது, குழந்தைகளுக்கு வரும் அமாக்ஸிசிலின், ஜிங்க் எல்லாம் அதுதான். எம்.டி. நாக்கின் மேல். எஸ்.எல். நாக்குக்கு அடியில், சார்பிட்ரேட் 5 மி.கி. மாதிரி. சார்பிட்ரேட்டை நெஞ்சு வலிக்கும்போது தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லையே’ என்று வந்து நிற்பவர்கள் உண்டு. பில் போடும் அவசரத்தில் நாங்களும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க முடிவதில்லை, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை கடையில் நின்று பாருங்கள் தெரியும்.

மல்லேஸ்வரம்_மாமி

பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஜிங்க் மாத்திரை கொடுத்தார்கள், ஸ்பூனில் கரைத்தால் அடியில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. அது மருந்தா, வெறும் மாவா? இன்னொன்று, பொம்மசந்திரா தம்பி குளிர்வித்து உலர்த்துவது என்றாரே, அதில் ஜெலட்டின் சேர்ப்பார்களாமே, நாங்கள் சைவம்.

பொம்மசந்திரா_ஃபார்முலேஷன்

மாமி, தங்குவதில் இரண்டும் இருக்கலாம், ஜிங்க் சல்ஃபேட் தண்ணீரில் நன்றாகவே கரையும், ஆனாலும் ஸ்பூனில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் கொடுத்துவிடுங்கள். ஜிங்க் பத்திலிருந்து பதினாலு நாள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அளவு டாக்டர் எழுதியபடி. போக்கு நின்றதும் பாதியில் நிறுத்திவிடுகிறோம், அது கூடாது.

ஜெலட்டின் உண்மைதான், உலர்த்திச் செய்யும் வகையில் பெரும்பாலும் அதுதான் சட்டகம், மீன் ஜெலட்டினும் உண்டு. ஆனால் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் எம்.டி.யில் பெரும்பாலானவை சாதாரணமாக அழுத்திச் செய்பவை. மானிடால், கிராஸ்போவிடோன், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் வாசனை. நாக்கில் சில்லென்று இருப்பது மானிடால் வேலை, கரையும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கிராஸ்போவிடோன் தண்ணீரை உறிஞ்சி உள்ளேயிருந்து மாத்திரையைத் தள்ளி உடைக்கும். இனிப்புக்கு ஆஸ்பர்டேம் போடுவது உண்டு, பீனைல்கீட்டோனூரியா (ஆஸ்பர்டேமில் இருக்கும் பீனைலலனினை உடம்பு உடைக்க முடியாத பிறவிக் குறை) உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் அட்டையைப் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஆர்.டி.நகர்_டாக்டர்

அல்சூர்வாசி, அம்மா வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?

அல்சூர்வாசி

பி.பி. மாத்திரை உண்டு டாக்டர். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் போடுகிறார், அது ரொம்ப நாளாக. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

ஆர்.டி.நகர்_டாக்டர்

இருக்கிறது. அமிட்ரிப்டிலின் எச்சில் சுரப்பை அடக்கும், வாய் காய்வது அதன் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. அதோடு வாந்தி, உடம்பில் நீரும் குறைந்திருக்கும். உங்கள் வாயில் சட்டென்று கரைந்த மாத்திரை அவர் வாயில் அப்பிக்கொண்டு நின்றதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தண்ணீர் குடித்து விழுங்கியதால் ஒரு கெடுதலும் இல்லை. அடுத்த தடவை மாத்திரைக்கு முன்னாலேயே ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேறொன்றும் சொல்ல வேண்டும், இழைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இது முக்கியம். ஆன்டான்செட்ரானும் அமிட்ரிப்டிலினும் தனித்தனியே ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை, அது அதிகமாக நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று இல்லை, ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் வயதானவருக்கு, வாந்தியில் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில். போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அல்சூர்வாசி

நன்றி டாக்டர், இப்போதே பேசுகிறேன். கிளினிக்கில் யாரும் வேறு மருந்து உண்டா என்று கேட்கவில்லை.

வைட்ஃபீல்டு_ஷிஃப்ட்

சரி, எனக்கு ஒன்று புரியவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினாலும் ஒன்றுதான் என்றால் எம்.டி. எதற்கு? வாயிலேயே ரத்தத்தில் ஏறி உடனே வேலை செய்யும் என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், விலையும் கூட.

பொம்மசந்திரா_ஃபார்முலேஷன்

இதைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஆன்டான்செட்ரான் படு கசப்பு. நாக்கில் வைக்கும் மாத்திரையில் அந்தக் கசப்பு தெரிந்தால் யாரும் இரண்டாவது தடவை வாங்க மாட்டார்கள். அதனால் மருந்துத் துகளை அயனிப் பரிமாற்ற ரெசினில் பிணைத்துவிடுவோம், இல்லையென்றால் யூட்ராஜிட் ஈ மாதிரி ஒரு பாலிமரைப் பூசிவிடுவோம். அந்த பாலிமர் எச்சிலில், அதாவது பி.எச். (அமில-கார அளவு, குறைந்தால் அமிலம்) 6.8 பக்கத்தில், கரையாது. பி.எச். 5க்குக் கீழே போனால்தான் கரையும், அதாவது வயிற்றில். மாத்திரை வாயில் உடைய வேண்டும், மருந்து வாயில் கரையக்கூடாது, இதுதான் எங்களுக்குக் கொடுக்கும் வேலை! அப்புறம் அது வாயிலேயே எப்படி ரத்தத்தில் ஏறும்?

மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய், குடலில் உறிஞ்சப்பட்டு, சாதாரண மாத்திரை மாதிரியேதான் ரத்தத்துக்கு வருகிறது. ஆன்டான்செட்ரான் எம்.டி.யை அனுமதித்ததே சாதாரண மாத்திரைக்குச் சமமான அளவில் ரத்தத்தில் வருகிறது என்று காட்டியதால்தான். உச்ச அளவுக்கு வர ஒன்றரை மணி நேரம் பக்கம் ஆகும், நாக்கில் 10 வினாடியில் உடைந்ததா 60 வினாடியில் உடைந்ததா என்பதெல்லாம் அதற்கு முன் எந்த மூலைக்கு. எம்.டி.யின் பலன் வேறு: விழுங்க முடியாதவர்கள், தண்ணீர் குடித்தாலே வாந்தி வருபவர்கள், பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவர்கள், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடும் மனநோயாளிகள். இது பெரிய பலன்தான். வேகம் என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

பீன்யா_அனலிஸ்ட்

அதற்காகத்தான் இரண்டாவது டெஸ்ட், டிஸ்ஸொல்யூஷன், மருந்து கரைவதைப் பார்ப்பது. அதில் 500 அல்லது 900 மி.லி. திரவம், துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று, 37 டிகிரியில் அரை டிகிரிக்கு மேல் மாறக்கூடாது. குறித்த நேரத்தில் ஊசியில் எடுத்து வடிகட்டி, கரைசலில் இருக்கும் மருந்தைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. மெஷினில் ஓட்டி எத்தனை சதவீதம் மருந்து கரைந்தது என்று பார்ப்போம். எம்.டி. மாத்திரையை அமிலத்தில் போட்டால் சரசரவென்று கரையும், அதே மாத்திரையை எச்சில் பி.எச்.சில் போட்டால் முதல் சில நிமிடம் ஒன்றும் வராது. அது குறை இல்லை, பூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள். புதிதாகச் சேரும் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு மெஷின் கெட்டுப்போச்சு சார் என்று ஓடி வருவார்கள்.

எம்ஃபார்ம்_மாணவி

பொம்மசந்திரா அண்ணா, எல்லா மருந்துக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாதே. அசெனபின் என்று ஒரு மனநோய் மருந்து இருக்கிறது, நாக்கடியில் வைத்தால் 35 சதவீதம் ரத்தத்துக்கு வருகிறது, விழுங்கினால் 2 சதவீதம்கூட வராது, ஈரல் தின்றுவிடுகிறது. வைத்த பிறகு பத்து நிமிடம் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று சொல்வது அதனால்தான். பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின் ஜைடிஸில் 1.25 மி.கி. வைத்தாலே 10 மி.கி. சாதாரண மாத்திரை கொடுக்கும் அளவுக்கு ரத்தத்தில் வருகிறது. இவையெல்லாம் நிஜமாகவே வாய்ச் சவ்வு வழியாகப் போகின்றன.

என் ப்ராஜெக்ட் இதில்தான், அதனால் ஒரு டெஸ்ட்டைப் பற்றி நானும் சொல்கிறேன். ஃப்ரான்ஸ் செல் என்று ஒரு கண்ணாடி அமைப்பு, மேல் அறை, கீழ் அறை, நடுவே ஒரு சவ்வு. சவ்வுக்கு ஆட்டுக் கன்னத்தின் உட்தோல். அதை விடியற்காலையில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கி, குளிர்ந்த பஃபரில் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வருவேன். கடைக்காரர் பாய்க்கு முதலில் புரியவில்லை, கறி வேண்டாம் கன்னத்துத் தோல் மட்டும் போதும் என்றால் ஒரு மாதிரி பார்த்தார், இப்போது எனக்காகவே எடுத்து வைக்கிறார். கொழுப்பையும் சதையையும் சுரண்டிவிட்டு மாட்டினால் எவ்வளவு மருந்து எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குகிறது என்று தெரியும். மனிதருக்கு நாக்கடிச் சவ்வு 100 முதல் 200 மைக்ரான், கன்னச் சவ்வு 500 முதல் 800 மைக்ரான். நாக்கடியில் ஏன் வேகமாக ஏறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பி.எச்.சும் முக்கியம். நிக்கோட்டின் சூயிங்கத்தில் கார்பனேட் சேர்ப்பார்கள், வாயில் காரத்தன்மை கூடினால்தான் நிக்கோட்டின் சவ்வைத் தாண்டும். காபியோ கோலாவோ குடித்துவிட்டு மென்றால் உறிஞ்சுவது குறைந்துவிடும். நம் பாட்டிமார்கள் புகையிலைக்குச் சுண்ணாம்பு தடவியதும் இதே கெமிஸ்ட்ரிதான், பஃபர் என்றெல்லாம் அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொம்மசந்திரா_ஃபார்முலேஷன்

தங்கச்சி சொல்வது சரி, நான் பேசியது கசப்பு மறைத்த எம்.டி.யைப் பற்றி. நாக்கடி மாத்திரை வேறு ஜாதி, அதில் மருந்து வாயில் கரைந்தே ஆக வேண்டும்.

ஆர்.டி.நகர்_டாக்டர்

இங்கேதான் என் கவலையும். அல்சூர்வாசியின் அம்மா மாதிரி வாய் காய்ந்தவருக்கு எம்.டி. கொஞ்சம் லேட்டானால் எரிச்சல், அவ்வளவுதான். அதே ஆளுக்கு நெஞ்சு வலி வந்து நாக்கடியில் நைட்ரேட் (சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் வகை) வைக்கும்போது எச்சில் இல்லையென்றால் மாத்திரை கரையாது, கரையாவிட்டால் ஏறாது. நைட்ரோகிளிசரின் மருந்துக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை உண்டு, வாயை உலர்த்தும் மருந்துகள் சாப்பிடுபவருக்கு நாக்கடி மாத்திரை கரைவது கடினமாகலாம் என்று. அமிட்ரிப்டிலின் அந்த வகைதான். லேபில் இதற்கென்று டெஸ்ட் இருக்கிறதா? பீக்கரில் அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது எந்த நைட்ரேட் மாத்திரையும் பாஸ்தான் ஆகும்.

வீட்டில் சார்பிட்ரேட் வைத்திருப்பவர்களுக்கு: வாய் காய்ந்திருந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீர், பிறகு உட்கார்ந்துகொண்டு மாத்திரையை நாக்கடியில் வையுங்கள். நின்றுகொண்டு வேண்டாம், பி.பி. இறங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், இன்னொன்று வைத்துப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே இருக்காதீர்கள்.

வைட்ஃபீல்டு நண்பர் முதலில் கேட்டாரே, ஆளை வைத்துப் பார்ப்பார்களா என்று. இந்த நைட்ரோகிளிசரின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. நெஞ்சு வலிக்கு இதைக் கொடுக்கலாம் என்று வில்லியம் மரல் 1879இல் லான்செட்டில் எழுதினார். அதற்கு முன் மருந்து இருந்த புட்டியின் ஈரத் தக்கையைத் தன் நாக்கில் ஒற்றிப் பார்த்தார், கொஞ்ச நேரத்தில் தலை விண்விண்ணென்று தெறித்து இதயம் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. நாக்கிலிருந்தே ஏறுகிறது என்பதற்கு அவரே சாட்சி.

வைட்ஃபீல்டு_ஷிஃப்ட்

அந்த வேலை வேண்டாம், ரெஸ்யூமேயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பீன்யா_அனலிஸ்ட்

டாக்டர் கேட்டதற்கு: ரிலீஸ் டெஸ்ட்டில் காய்ந்த வாய் என்று ஒன்று கிடையாது. புதிய மருந்து உருவாக்கும்போது குறைந்த அளவு திரவத்தில் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வாய்க்குள் ஒட்டும் பியூப்ரனார்ஃபின் மருந்து ஃபிலிம் மாதிரி சிலவற்றுக்கு வைக்கும் முன் வாயைத் தண்ணீரால் நனையுங்கள் என்று குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதுவது எல்லா நாக்கடி மாத்திரைக்கும் வர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. டெஸ்ட்டை மாற்றுவதைவிட அட்டையில் ஒரு வரி சேர்ப்பது சுலபம்.

பொம்மசந்திரா_ஃபார்முலேஷன்

ஒரு வரி சேர்க்க எத்தனை கமிட்டி கூட வேண்டும் என்று தெரியாத மாதிரி பேசாதீர்கள் அண்ணே.

வைட்ஃபீல்டு_ஷிஃப்ட்

வீட்டிலேயே பார்க்க முடிகிற மாதிரி டெஸ்ட் எதுவும் இல்லையா? சும்மா ஆர்வம்.

எம்ஃபார்ம்_மாணவி

இருக்கிறது, காலேஜில் எல்லோரும் செய்வது. ஒரு சின்னத் தட்டில் மடித்த டிஷ்யூ பேப்பரை விரித்து, சாயம் கலந்த தண்ணீர் 6 மி.லி. மாதிரி ஊற்றி, அதன்மேல் மாத்திரையை வைத்துவிட வேண்டும். சாயம் அடியிலிருந்து ஏறி மேல் பரப்பு முழுக்க நிறம் மாற எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். நனையும் நேரம் என்று அதற்குப் பெயர். யாரும் முக்கி எடுப்பதில்லை, தண்ணீரும் கொஞ்சம்தான், அந்த விதத்தில் லிட்டர் பீக்கரைவிட இது வாய்க்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் இதை வைத்து மாத்திரை நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யக்கூடாது, காலாவதியானதை வைத்து விளையாடிப் பார்க்கலாம், பிறகு அதைச் சாப்பிடக்கூடாது.

வைட்ஃபீல்டு_ஷிஃப்ட்

டிராயரில் காலாவதியான எம்.டி. ஒரு ஸ்ட்ரிப் கிடந்தது, பீட்ரூட் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் சட்டென்று சிவந்துவிட்டது, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு ரொம்ப நேரம் நின்றது. பக்கத்தில் சாதாரண பாராசிட்டமால் ஒன்று வைத்தேன், அது அசையவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காசு வித்தியாசம் எங்கே போகிறது என்று இப்போது புரிகிறது.

பொம்மசந்திரா_ஃபார்முலேஷன்

நடுவில் பொட்டு நின்றால் மாத்திரையை அழுத்தியது கொஞ்சம் அதிகம், இல்லையென்றால் ஈரம் உள்ளே போய் கிராஸ்போவிடோன் முன்பே ஊதி வேலை முடிந்துவிட்டது. எங்கள் தலைவலியே இதுதான். லேசாக அழுத்தினால் நாக்கில் பறந்துவிடும், ஆனால் லாரியில் பெங்களூரிலிருந்து கொல்கத்தா போவதற்குள் ஸ்ட்ரிப்பிலேயே பொடியாகிவிடும். ஃப்ரையபிலேட்டர் என்று ஒரு டிரம்மில் மாத்திரைகளைப் போட்டு நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் நான்கு நிமிடம் உருட்டுவோம், எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் உதிரக்கூடாது. அதற்காகக் கெட்டியாக்கினால் உடையும் நேரம் ஏறிவிடும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

மல்லேஸ்வரம்_மாமி

ஈரம் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு திங்கள் என்று கட்டம் போட்ட டப்பாவில் ஒரு வாரத்துக்கு எல்லா மாத்திரையையும் உரித்துப் போட்டு வைத்துவிடுவேன். எம்.டி.யையும் அப்படி வைக்கலாமா?

பீன்யா_அனலிஸ்ட்

வேண்டாம் மாமி. எம்.டி.யை ஸ்ட்ரிப்போடு கத்தரித்துக் கட்டத்தில் போடுங்கள், சாப்பிடும்போது மட்டும் பிரியுங்கள், கையும் உலர்ந்திருக்கட்டும். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கிறோம் என்றால் அது அட்டைக்குள் இருக்கும் மாத்திரையைத்தான், உரித்த மாத்திரையை இல்லை. அப்புறம் சில எம்.டி. அட்டையில் பின்னால் இருக்கும் தாளை உரித்து எடுக்கச் சொல்லி அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைக் கட்டைவிரலால் குத்தி எடுத்தால் பாதி அட்டையிலேயே தூளாக நின்றுவிடும்.

ஜெயநகர்_மருந்துக்கடை

நைட்ரோகிளிசரின் வைத்திருந்தால் அதை அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அது ஆவியாகும், பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும், பார்க்க மாத்திரை அப்படியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வையுங்கள்.